கைநீட்டலும் மூளையின் திட்டமும்

மனிதன் ஒருநாளில் எத்தனை முறை கையை நீட்டுகின்றான் என்பதை எண்ணிப் பார்ப்பார் இலர். செம்பை எடுப்பதற்கும், ஏட்டைப் புரட்டுவதற்கும், தாழை நீக்குவதற்கும், விழப்போகும் குழந்தையைத் தாங்குவதற்கும் கை நீளுகின்றது. நினைத்த மாத்திரத்தில் முடிந்துவிடுவதனால் அதனை ஒரு செயலென்றே எவரும் கருதுவதில்லை. ஆயினும், அருமையெனத் தோன்றுவது எளிதாகவும், எளிதெனத் தோன்றுவது அருமையாகவும் இருத்தல் இயற்கையின் புதுமைகளுள் ஒன்றாகும். சதுரங்க ஆட்டத்தில் உலக வீரரை வென்ற கணிப்பொறி 1997ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. ஆனால், அப்போட்டியில் அக்கணிப்பொறி தேர்ந்த காயைப் பலகையில் எடுத்து வைத்தவர் ஒரு மனிதரே. எந்தக் காயை நகர்த்துவது என்பதைக் கணித்த பொறிக்குக் காயை நோக்கி நீளும் கை இருக்கவில்லை. இன்றுங்கூட, சிதறிக் கிடக்கும் பலவகைப் பொருள்களை ஒரு சிறுபிள்ளை எடுக்கும் இலாவகத்தோடு எடுக்கவல்ல இயந்திரக் கையை ஆக்குவது பொறியியலாளர்க்கு எளிதான காரியமன்று.

கிண்ணியாவின் கரையோரத்தில் இவ்வருமையைக் கண்கூடாகக் காணலாம். தம்பலகாமக் குடாவின் நீர் கொட்டியாரக் குடாவோடு கலக்கும் இப்பகுதியில், ஆழமில்லாத நீரில் இறங்கி மட்டி எடுத்துப் பிழைப்போர் உளர். கலங்கிய நீரினுள்ளே கண்ணுக்கு ஒன்றும் புலப்படாது. கை சேற்றைத் துழாவி, கல்லையும் ஓட்டையும் வேறுபிரித்தறிந்து மட்டியைப் பற்றுகின்றது. பின்னர், பக்கத்திலுள்ள பாத்திரத்தைத் திரும்பிப் பாராமலே அதனுள் இடுகின்றது. தோணியில் நின்று வீச்சுவலை எறிபவனோ, கை அசையுமுன்னரே கால்களை ஊன்றிக்கொள்கின்றான். 396 மீற்றர் நீளமுள்ள கிண்ணியாப் பாலம் 2009ஆம் ஆண்டில் திறக்கப்படுமுன் இத்துறையை நீர்வழியே கடந்தோர், ஆடும் கலத்திலிருந்து கரையில் நிற்பவரது கையைப் பற்றி இறங்கியதும் இத்தகைய ஒரு வித்தையே. நீட்டுபவன் நிலையும் அசைய, பற்றவேண்டிய கையும் இடம்மாற, இரண்டும் தவறாது கூடுவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு மூளையியலார் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக விடை தேடி வந்துள்ளனர்.

இதில் முதலாவது சிக்கல், வழிகள் மிகுந்திருப்பதே. தோள்மூட்டு மூன்று வகையாக அசையும்; முழங்கை ஒரு வகையாக மடங்கும்; முன்கை ஒரு வகையாகத் திரும்பும்; மணிக்கட்டு இரு வகையாக வளையும். ஆக, புயத்துக்கு ஏழு வகை அசைவுகள் உள. எடுக்கவேண்டிய பொருளின் இடத்தைக் குறிப்பதற்கோ நீளம், அகலம், உயரம் என்னும் மூன்று அளவைகள் போதும். மூன்று சமன்பாடுகளைக் கொண்டு ஏழு கணியங்களைத் துணியப் புகுந்த மாணவனது நிலையே மூளையின் நிலையுமாகும். விடை இல்லையென்பது அங்குத் தடையன்று. எண்ணிறந்த விடைகள் இருப்பதே தடையாகும்.

இதனைத் தெளிவுற எடுத்துக்காட்டியவர் சோவியத் நாட்டு உடற்றொழிலியலறிஞர் நிக்கொலாய் பேண்ஸ்ரைன் என்பவர். அவர் 1920களில் மொஸ்கோவிலிருந்த மத்திய தொழில் நிறுவகத்தில், உளியைச் சம்மட்டியால் அடிக்கும் கைதேர்ந்த தொழிலாளரின் அசைவுகளை ஆராய்ந்தார். உறுப்புகளிற் சிறுவிளக்குகளைப் பொருத்தி, அவை செல்லும் பாதையைப் படம்பிடித்தார். ஆயிரம் முறை பழகிய அடியாயினும் ஓரடியைப்போல் மற்றோரடி அமையவில்லை. தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒவ்வொரு முறையும் சிறிது வேறுபட்டன. சம்மட்டியின் முனையோ பெரிதும் மாறாது உளியை அடைந்தது. ஒரு மூட்டில் நேர்ந்த வேறுபாட்டை மற்றொரு மூட்டு ஈடுசெய்தது. எனவே, தேர்ச்சி என்பது ஒரே அசைவை அச்சடித்தாற்போல் திரும்பச் செய்வதன்று. பயனை மாறாது நிறுத்தி, வழியை வேண்டியவாறு மாற்றிக்கொள்வதே தேர்ச்சியாகும். எழுத்துப் பழக்கும் ஆசிரியருக்கும், நடனம் பயிற்றுவோருக்கும் இவ்வுண்மை உரியது.

மூளையின் திட்டம் எந்த மொழியில் வரையப்படுகின்றது என்பது அடுத்த வினா. தசைகளின் மொழியிலா, மூட்டுகளின் மொழியிலா, அல்லது கை செல்லும் வெளியின் மொழியிலா? இத்தாலிய அறிஞர் மொறாசோ 1981ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு குறிப்பைத் தந்தது. மேசையின்மீது ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கையை நகர்த்தும்படி கூறப்பட்டவர்களின் கை ஏறத்தாழ நேர்கோட்டிலேயே சென்றது. வேகம் மெல்லென ஏறி, நடுவில் உச்சமடைந்து, மெல்லெனத் தணிந்தது. அதனை வரைந்தால் மணியின் வடிவு தோன்றியது. அதே வேளையில் தோளும் முழங்கையும் அசைந்த விதம் இடத்துக்கு இடம் பெரிதும் வேறுபட்டது. ஆகவே, மூளை முதலிற் கருதுவது கை எங்கே, எவ்வாறு செல்லவேண்டும் என்பதையே. மூட்டுகள் அதற்கேற்ப இசைகின்றன என்று பலர் முடிபு செய்தனர்.

அவ்வழுத்தமான அசைவுக்குக் காரணமும் தேடப்பட்டது. குலுக்கம் மிகக் குறைந்த பாதையை மூளை தெரிகின்றது என 1985ஆம் ஆண்டில் பிளாஷ், ஹோகன் என்போர் கணிதவாயிலாகக் காட்டினர். குலுக்கத்தைக் குறைப்பதில் மூளைக்கு என்ன இலாபம் என்ற கேள்விக்கு, 1998ஆம் ஆண்டில் ஹரிஸ், உவொல்பேட் என்போர் விடை கூறினர். நரம்புவழிச் செல்லும் கட்டளை ஒருபோதும் பிழையற்றதன்று. கட்டளை வலிதாகுந்தோறும் அதிற் கலக்கும் பிழையும் பெருகும். திடீரென வலிந்து இழுக்கும் கை குறிதவறும். இருக்கும் காலத்துள் குறியைச் செவ்வனே அடைய விரும்பினால், கட்டளையை மிகவும் வலிதாக்காது பரப்பிச் செலுத்துதல் வேண்டும். கையசைவின் அழகு அலங்காரத்துக்காக அமைந்ததன்று. பிழையைக் குறைக்கும் சிக்கனத்தாற் பிறந்தது என்க.

திட்டமிடுதற்குப் பொருளின் இடத்தையும் கையின் இடத்தையும் அறிதல் இன்றியமையாதது. பொருளைக் கண் காட்டுகின்றது. கையின் இடத்தையோ, தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்வுறுப்புகள் கண்ணின் துணையின்றியே அறிவிக்கின்றன. மட்டி எடுப்பவரின் கைக்கு வழிகாட்டுவது இவ்வுணர்வும் தொடுகையுமே. உயிர்களை அறிவுவகையாற் பகுத்த தொல்காப்பியர் உற்றறிவை முதலறிவாக வைத்தமை இங்கு நினைவுகூரத்தக்கது. கண்ணறிவும் உடலறிவும் ஒன்றுகூடும் இடங்களுள் தலையாயது, தலையின் உச்சிக்குச் சற்றுப் பின்னே அமைந்த சுவர்ச்சோணையாகும். ஹங்கேரி நாட்டு வைத்தியர் பாலின்ற் 1909ஆம் ஆண்டில் விவரித்த நோயாளி இதற்குச் சான்று. இச்சோணை இருபுறமும் பழுதுற்ற அவர், கண்ணெதிரே உள்ள பொருளைக் கண்டு பெயர் கூறினார். ஆனால், அதனைப் பற்ற நீண்ட வலக்கை குறிதவறியது. அதே கையால் தம் உடலுறுப்புகளை அவர் தவறாது தொட்டார். கண்ணிலும் குறையில்லை; கையின் வலிமையிலும் குறையில்லை; கண்டதைக் கைக்கு உரியதாக மொழிபெயர்க்கும் இடமே பழுதுற்றிருந்தது.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. நச்சுவாயுவால் மூளை பழுதுற்ற ஒரு பெண்மணி, ஒரு துளை நேராக நிற்கின்றதா, சாய்ந்துள்ளதா என்று கூற இயலாதவராயினார். ஆயினும், அத்துளையினுள் ஓர் அட்டையை இடும்படி கேட்டபோது, கையை உரிய சாய்வுக்குத் திருப்பிச் செம்மையாக இட்டார். இவரை ஆராய்ந்த குடேல், மில்னர் என்போர், பொருளை இன்னதென்று அறிதற்கான பார்வை வேறு, செயலை நடத்துதற்கான பார்வை வேறு என்னும் கொள்கையை 1992ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கையை நடத்தும் அறிவிற் பெரும்பகுதி நம் உணர்வுக்கு எட்டாது நிகழ்கின்றது என்பது இதனாற் பெறப்படும்.

இனி, காலத்தின் தடையை நோக்குவோம். கண் கண்டது மூளையிற் சென்று, கட்டளையாகித் தசையை அடைவதற்கு ஏறத்தாழச் செக்கனில் பத்திலொரு பங்கு அல்லது அதனினும் சிறிது கூடிய நேரம் செல்லும். கை நீளும் நேரமோ பெரும்பாலும் ஒரு செக்கனுக்குட்பட்டது. எனவே, கண் தரும் செய்தி எப்போதும் பழைய செய்தியே. அமெரிக்க உளவியலறிஞர் உவூட்வேத் 1899ஆம் ஆண்டிலேயே இதனை ஆராய்ந்து, மெதுவாகக் கோடு வரைகையிற் கண்ணின் துணை பெரிதும் பயன்படுவதையும், மிக விரைந்து வரைகையிற் கண்ணைத் திறந்திருப்பதும் மூடியிருப்பதும் ஒன்றாவதையும் கண்டார். முதலில் ஓர் உந்தல், பின்னர் குறியை அணுகுகையில் ஒரு திருத்தம் எனக் கைநீட்டலை அவர் இரண்டாகப் பகுத்தார்.

செய்தி பிந்துவதால் உண்டாகும் இடரை மூளை முன்னறிதலால் வெல்லுகின்றது. கட்டளையைத் தசைக்கு அனுப்பும்போதே, அக்கட்டளையால் கை எவ்விடத்தை அடையும் என்பதையும் அது கணித்துக்கொள்கின்றது. உண்மையில் நிகழ்ந்தது கணித்ததோடு பொருந்தாதாயின், அடுத்த முறைக்குக் கணிப்பைத் திருத்துகின்றது. இத்திருத்தத்தில், தலையின் பிற்பகுதியில் அமைந்த மூளி பெரும்பங்கு வகிக்கின்றது. பக்கவாட்டிற் காட்சியைப் பெயர்க்கும் அரியக் கண்ணாடியை ஒருவர் அணிந்தால், முதலில் அவர் கை குறிதவறும். சிலமுறை முயன்றபின் சரியாகும். கண்ணாடியைக் கழற்றியதும் மறுபுறமாகத் தவறும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹெல்மோற்ஸ் விவரித்த இப்பின்விளைவு, மூளை தன் கணிப்பையே மாற்றிக்கொண்டது என்பதற்குச் சான்றாகும். மூளி பழுதுற்றோரில் பலர்க்கு இத்திருத்தம் நிகழ்வதில்லை என்பது 1996ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றால் தெரியவந்தது. மாணவன் செய்யும் பிழை கல்விக்குத் தடையன்று, கல்வியின் கருவியே என்னும் உண்மை நரம்பின் மட்டத்திலேயே பொறிக்கப்பட்டுள்ளது போலும்.

கை அசையுமுன் மூளையில் நடப்பது யாது என்பதே இத்துறையின் நடுநாயகமான வினா. ஜேர்மனியில் கோண்கூபர், டீக்கே என்போர் 1965ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஒருவர் தாமாக விரலை அசைப்பதற்கு ஏறத்தாழ ஒரு செக்கன் முன்னரே அவரது மூளையின் மின்னழுத்தம் படிப்படியாக மாறத் தொடங்குவதைக் காட்டினர். 1976ஆம் ஆண்டில் ரான்ஜி, எவாட்ஸ் என்போர், தள்ளுவதா, இழுப்பதா என்று முன்னறிவிக்கப்பட்ட குரங்கின் இயக்க மேற்பட்டையில், கை அசையாதிருக்கும்போதே நரம்புக்கலங்கள் அவ்வறிவிப்புக்கேற்ப வேறுவேறாகத் துடிப்பதைக் கண்டனர். ஜோஜோபூலஸ் என்பாரும் அவருடன் ஆராய்ந்தோரும் 1982ஆம் ஆண்டிலும் 1986ஆம் ஆண்டிலும் மற்றோர் உண்மையை நிறுவினர். ஒவ்வொரு கலமும் ஒரு திசையைச் சிறப்பாக விரும்புகின்றது. அத்திசையினின்று விலகுந்தோறும் அதன் துடிப்புக் குறைகின்றது. தனிக்கலத்தின் கூற்றுத் தெளிவற்றது. பல கலங்களின் கூற்றுகளைத் திசையறிந்து கூட்டினால், கை செல்லும் திசை செம்மையாகப் புலப்படும். ஊரவை கூடி எடுக்கும் முடிபுக்கு இது ஒப்பாகும்.

அங்ஙனமாயின், கையை அசைக்கும் கலங்களே முன்னரும் துடித்துக்கொண்டிருக்கக் கை அசையாதிருப்பது எவ்வாறு? அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் 2023ஆம் ஆண்டில் மறையும்வரை பணியாற்றிய கிருஷ்ண ஷெனோயின் குழுவினர் இதற்கு அளித்த விளக்கம் நுட்பமானது. தராசின் இரு தட்டுகளிலும் ஒரே நிறையை ஏற்றினால் தட்டுகளின் சுமை மாறும், கோலோ அசையாது. அவ்வாறே, ஆயத்தக் காலத்தில் சில கலங்களின் துடிப்பு ஏற, வேறு சிலவற்றின் துடிப்பு இறங்க, தசையை நோக்கிச் செல்லும் மொத்த விளைவு மாறாதிருக்கின்றது. இதனை அவர்கள் 2014ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஆயத்தம் என்பது அரைகுறையான அசைவன்று. அசைவு எந்நிலையிலிருந்து தொடங்கவேண்டுமோ அந்நிலைக்கு மூளையைக் கொண்டு நிறுத்துவதாகும். வலையைத் தோளிலும் கையிலும் பகுத்துச் சீராக ஏந்தி நிற்பவன் இன்னும் எறியவில்லை. ஆயினும், வலை எங்கு விரியும் என்பது அந்நிலையிலேயே பெரும்பாலும் அடங்கியுள்ளது.

திட்டம் ஒன்றே என்பதும் இல்லை. எட்டக்கூடிய பொருள்கள் இரண்டு இருப்பின், இரண்டுக்குமான திட்டங்கள் ஒருங்கே தோன்றி, ஒன்று வலுக்க மற்றது தேய்கின்றது என்பதை மொன்றியல் நகரில் சிசெக், கலாஸ்கா என்போர் 2005ஆம் ஆண்டில் குரங்குகளிற் காட்டினர். முதலில் துணிதல், பின்னர் திட்டமிடல் என்னும் வரிசை இதனாற் குலைந்தது. துணிதலும் திட்டமிடலும் ஒன்றோடொன்று பின்னியே நடக்கின்றன. பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஆதித்ய மூர்த்தியும் அவர்தம் மாணவரும் கண்ணும் கையும் எவ்வாறு ஒருமித்துப் புறப்படுகின்றன என்பதை ஆராய்ந்துள்ளனர். ஒரே குறியை நோக்கி இரண்டும் செல்லும்போது, பொதுவான ஒரு கட்டளை இரண்டையும் தொடக்கிவைக்கின்றது என்பது 2015ஆம் ஆண்டில் அவர்கள் முன்வைத்த கருத்தாகும். குறி திடீரென இடம்மாறின் திட்டத்தை நிறுத்தி மாற்றுவது எங்ஙனம் என்பதும் அவர்தம் ஆராய்ச்சிப் பொருள்களுள் ஒன்று.

இவ்வாராய்ச்சிகள் வெறும் அறிவின்பத்தோடு அமைவன அல்ல. பாரிசவாதத்தால் ஒரு கை சோர்ந்தவரை நோக்கி, அக்கை செத்துவிட்டது என்று கூறி, சோறூட்டுவது முதல் எல்லாவற்றையும் சுற்றத்தார் தாமே செய்வது பல இல்லங்களில் உள்ள வழக்கம். அன்பினாற் செய்யும் அச்செயலே சிலவேளை கேடாகின்றது. பயன்படுத்தாத கையை மூளையும் கைவிடுகின்றது. விரலும் மணிக்கட்டும் சிறிதேனும் அசையும் நோயாளரின் நல்ல கையைக் கட்டுப்படுத்தி, சோர்ந்த கையை இரு வாரங்கள் இடைவிடாது பழக்கும் முறை, 222 நோயாளரைக் கொண்டு அமெரிக்காவில் ஆராயப்பட்டது. வழமையான கவனிப்பைப் பெற்றோரிலும் அவர்கள் கூடிய முன்னேற்றம் அடைந்தமையும், ஓராண்டின் பின்னும் அப்பயன் நிலைத்தமையும் 2006ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டன. எல்லார்க்கும் இம்முறை பொருந்தாது. எனினும், எஞ்சியுள்ள சிறு அசைவு பெருஞ்செல்வம் என்பதை இல்லத்தார் உணர்தல் வேண்டும்.

கையையே இழந்தோரின் நிலை இன்னும் உருக்கமானது. நெடும்போரைக் கண்டு உறுப்பிழந்தோர் பலர் வாழும் இலங்கையில் இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. உறுப்புப் போயினும் மூளையிலுள்ள அதன் திட்டம் போவதில்லை. இல்லாத கை இருப்பதாகவும், அது இறுக மூடி வலிப்பதாகவும் அவர்களிற் பலர் உணர்வர். தமிழ்நாட்டிற் பிறந்து சென்னை ஸ்ரான்லி மருத்துவக் கல்லூரியிற் பயின்ற வி. எஸ். இராமச்சந்திரன், அமெரிக்காவிற் பணியாற்றுகையில், 1990களில் இதற்கு எளியதோர் உபாயத்தைக் கண்டார். ஒரு பெட்டியின் நடுவே கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையின் பிம்பம் இழந்த கையின் இடத்தில் தோன்றுமாறு செய்தார். அப்பிம்பத்தை நோக்கிக் கையை விரித்தபோது, இல்லாத கையும் விரிந்ததாகச் சிலர் உணர்ந்து வலி தணியப் பெற்றனர். கட்டளை சென்றும் பதில் வாராத மூளைக்குக் கண் ஒரு பதிலைத் தந்தது. எல்லார்க்கும் ஒரே அளவில் இது பயன் தரவில்லையாயினும், சில்லறைக் காசில் ஆகும் ஒரு கருவி உயர்ந்த ஆராய்ச்சியிலிருந்து பிறந்தமை வியக்கத்தக்கது.

அதனினும் அரியது, திட்டத்தை மூளையிலிருந்தே படித்தறிதல். ஏறத்தாழ 15 ஆண்டுகளாகக் கைகால் அசையாதிருந்த பெண்மணி ஒருவர், மூளையிற் பதித்த நுண்மின்வாய்களின் துணையால் ஓர் இயந்திரக் கையை நடத்தி, கோப்பிக் குப்பியை எடுத்துத் தாமே அருந்திய செய்தி 2012ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஷெனோயின் குழுவினர் 2021ஆம் ஆண்டில், எழுதுவதாக எண்ணும் எண்ணத்தைக் கொண்டே நிமிடத்துக்கு 90 எழுத்துகளைத் திரையில் தோற்றுவித்தனர். இவை இன்னும் ஆராய்ச்சிக்கூடத்தின் முயற்சிகளே. திருகோணமலையிலுள்ள ஏழை நோயாளியை அடைவதற்கு நெடுந்தூரம் உண்டு.

முடிவாக ஒரு தத்துவ வினா எழும். எண்ணம் தோன்றுமுன்னரே மூளை ஆயத்தமாகிவிடின், மனிதனின் சுயாதீனம் யாது? லிபெற் என்பார் 1983ஆம் ஆண்டில் இவ்வினாவைக் கிளப்பினார். அவ்வாயத்த மின்மாற்றம் முன்கூட்டியே செய்த முடிபன்று, தற்செயலான ஏற்றவிறக்கங்கள் சேர்ந்து எல்லையைத் தொடும் தோற்றமே என 2012ஆம் ஆண்டில் வேறு ஆய்வாளர் மறுவிளக்கம் தந்தனர்; வழக்கு இன்னும் தீரவில்லை. உடலைத் தேராகவும், புத்தியைச் சாரதியாகவும், மனத்தைக் கடிவாளமாகவும், பொறிகளைக் குதிரைகளாகவும் உருவகித்தது கடோபநிடதம். நற்சாரதி குதிரையின் ஒவ்வோர் அடியையும் தானே வைப்பதில்லை. செல்லும் இடத்தைத் தெரிந்து, பழக்கிய குதிரையை நம்பி, வழுவியபோது திருத்துகின்றான். மூளை கையை நடத்தும் விதமும் இதனோடு பெரிதும் ஒத்திருக்கின்றது. நொடிப்பொழுதின் அசைவு நம் அறிவுக்குள் அடங்காமற் போகலாம்; எதனை நோக்கிக் கையை நீட்டுவது, எதனைப் பழகுவது, தளர்ந்த கையை எத்துணைப் பொறுமையோடு மீண்டும் பழக்குவது என்பன நம் கருத்துக்குள் அடங்குவனவே. பயிற்சியால் திருந்தவல்லது மூளை என்று விஞ்ஞானம் காட்டியிருப்பது, கற்போர்க்கும் கற்பிப்போர்க்கும் நோயுற்றோர்க்கும் ஒருங்கே ஊக்கமளிப்பதாகும்.